வாட்டில்பிறிட்ஜ் கைத்துப்பாக்கிக் கழகமும் பவளத்தின் பயமும்

கைத்துப்பாக்கி வாங்க ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் உண்மையானதாக இருக்கக் கூடாது. மெல்பேர்னில் 1976ஆம் ஆண்டு யோகேஸ்வரன் என்ற சாதுவான மனிதர் இந்த இரண்டு விதிகளில் முதலாவதை ஒரே நாளில் கற்றுக்கொண்டார். இரண்டாவதைக் கற்று முடிக்க அடுத்த பங்குனி வரை சென்றது.

யோகேஸ்வரன் ஃபுட்ஸ்கிறேயில் தண்ணீர்ப் பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் படம் வரைபவர். அதுவரை அவர் கையில் எடுத்த மிகப் பயங்கரமான கருவி கவராயம். வீட்டில் கரப்பான்பூச்சியைக் கண்டால் தும்புத்தடியால் வழிகாட்டி வாசல்வரை கொண்டுபோய் விடுகிறவர். அப்படிப்பட்டவர் துப்பாக்கி தேடிப் போனதற்குக் கத்தரிக்காய்க் குழம்பு ஒரு காரணம்.

ஒரு சனிக்கிழமை அவரும் மனைவி பவளமும் நண்பர் வீட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பியபோது குசினி யன்னல் திறந்து கிடந்தது. கள்ளன் வந்து போயிருந்தான். ஒரு சின்ன ரேடியோவும் மேசை மணிக்கூடும் போய்விட்டன. வேறு எடுக்கத்தக்கதாக அந்த வீட்டில் எதுவும் இருக்கவில்லை. அந்த ஏமாற்றத்திலோ என்னவோ, அடுப்பில் இருந்த குழம்பின் மூடியைத் திறந்து அவன் ருசி பார்த்திருந்தான். குழாயடியில் மூன்று கிளாஸ்கள் கிடந்தன. விசாரிக்க வந்த இளம் பொலிஸ்காரர் அவற்றை உற்றுப் பார்த்து, வந்தவர்கள் மூவர் என்று முடிவு செய்தார். உறைப்பாகக் குழம்பு வைத்தவள் பவளம். வந்தது ஒருவன்தான் என்று அவளுக்குத் தெரியும்.

அன்றிலிருந்து பவளத்துக்குப் பயம். அவள் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தாள். நாலு மணிக்கு வீடு திரும்புவாள். யோகேஸ்வரன் வர ஐந்தரை ஆகும். இடைப்பட்ட நேரத்தில் வீட்டுக்குள் போக மனமில்லாமல் கைப்பையோடு முன்படியில் நிற்பாள். எதிர்வீட்டுக் கிழவர் இவளை வீடு விற்கும் கம்பெனி ஆள் என்று நினைத்து ஒருநாள் விலை கேட்டார்.

“நீங்கள் கொஞ்சம் முந்தி வந்தாக் காணும். வேறை ஒண்டும் வேண்டாம்,” என்றாள் பவளம்.

“முதலாளியிட்டை அதை என்னெண்டு கேக்கிறது?”

“வாயாலை கேக்கிறது.”

யோகேஸ்வரனுக்குக் கூச்சம். முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூச்சப்படுகிற மனிதர்கள்தான் உலகத்தில் பெரிய பெரிய ஏற்பாடுகளில் இறங்குகிறார்கள்.

“கொக்குவிலிலை இருந்து அண்ணை எழுதியிருக்கிறார், ஊருக்கு வந்து நில்லெண்டு,” என்றாள் பவளம் இன்னொரு நாள். “சித்திரைக்குள்ளை இந்தப் பயம் போகாட்டி நான் போறன். கோவத்திலை இல்லை. பயத்திலைதான்.”

அவள் கோபத்தில் சொல்லியிருந்தால் யோகேஸ்வரன் சமாளித்திருப்பார். பயத்தில் சொன்னதால் நித்திரை போய்விட்டது.

நாங்கள் ஒரு கேத்தில் வாங்குவதென்றாலும் நாலு பேரைக் கேட்டுத்தான் வாங்குவோம். அந்தக் காலத்து மெல்பேர்ன் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் ஒரு சின்ன பஸ்ஸில் அடங்கும். அவர்களுடைய அபிப்பிராயங்களை ஏற்ற ரயில் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் வந்து கதிரைகளில் அமர்ந்தார்கள். ஒருவர் கணக்காளர் அரியரத்தினம். யாழ்ப்பாணத்தில் படிக்கிற காலத்தில் பள்ளிக்கூடக் கடேற் படையில் இருந்தவராகையால் இராணுவ விஷயங்களில் அவர் சொன்னதே முடிவு. மற்றவர் மயிலாப்பூரிலிருந்து வந்த டாக்டர் சேஷாத்ரி. எந்த விஷயத்திலும் அவர் சொன்னது முடிவல்ல. அதனால் அவர் நிறுத்தாமல் பேசுவார்.

“நாய் வளர்க்கலாமே,” என்றார் சேஷாத்ரி. பிறகு அவரே, “வேண்டாம். பவளம் நாய்க்கும் சேர்த்துப் பயப்படுவா,” என்றார்.

“எனக்கு நாயெண்டாப் பயமில்லை,” என்று குசினியிலிருந்து குரல் வந்தது. சபை அதைக் கவனத்தில் எடுக்கவில்லை.

“தம்பி, ஒரு பிஸ்டல் வாங்கும்,” என்றார் அரியரத்தினம். “வீட்டிலை இருக்கெண்டாலே காணும். சுடவே தேவையில்லை.”

“சுடத் தேவையில்லேன்னா அப்புறம் எதுக்கு ஓய் துப்பாக்கி?”

“டொக்டர், உங்கட கழுத்திலை தொங்குறதாலை எத்தினை பேருக்கு வருத்தம் மாறினது? அது தொங்கவேணும். அவ்வளவுதான்.”

சேஷாத்ரி தன் வாழ்க்கையில் முதல் தடவையாக மறுபேச்சுப் பேசவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

பொலிஸ் நிலையத்தில் உரிமம் பார்க்கிறவர் சார்ஜன்ட் ப்ளண்டெல். பெரிய உருவம், சின்னப் பேனா.

“எதற்குத் துப்பாக்கி?”

“வீட்டைப் பாதுகாக்க.”

சார்ஜன்ட் பேனாவைக் கீழே வைத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். “இது என் காதில் விழவில்லை. நீங்கள் வெளியே போய், கதவைச் சாத்திவிட்டு, மறுபடி உள்ளே வாருங்கள்.”

யோகேஸ்வரன் வெளியே போனார். கதவைச் சாத்தினார். குளிரில் சிறிது நின்றார். திரும்பி வந்தார்.

“வணக்கம். எதற்குத் துப்பாக்கி?”

“விளையாட.”

“நல்லது. என்ன விளையாட்டு?”

யோகேஸ்வரனுக்குத் தெரிந்த விளையாட்டு ஒன்றுதான். “கிரிக்கெட்.”

“கிரிக்கெட்டுக்குத் துப்பாக்கி அனுமதிப்பதில்லை. சில நடுவர்களைப் பார்க்கும்போது எனக்கும் அது வருத்தந்தான்.” சார்ஜன்ட் பெருமூச்சு விட்டார். “வெளியே போங்கள்.”

மூன்றாவது தடவை உள்ளே வந்தபோது, காகிதத்தில் வட்டம் வரைந்து அதைச் சுடும் ஆசை தனக்குச் சிறு வயது முதல் இருந்து வருவதாக யோகேஸ்வரன் சொன்னார். சார்ஜன்டின் முகம் மலர்ந்தது.

“பாருங்கள், திரு. யோகி. ஒருவன் தன்னைப் பாதுகாக்கத் துப்பாக்கி கேட்டால் அவன் ஆபத்தானவன். ஏனென்றால் அவன் அதைப் பயன்படுத்தக்கூடும். ஒரு தேவையும் இல்லாமல் வாரம் தவறாமல் காகிதத்தைச் சுடுகிறவன் நிதானமானவன். இந்த மேசைக்கு உண்மையைக் கொண்டுவருகிறவர்களால்தான் எனக்கு இடைஞ்சல். முதலில் ஒரு கழகத்தில் சேருங்கள். வாட்டில்பிறிட்ஜ் நல்ல கழகம். நானும் உறுப்பினர்தான்.”

வருமான வரிக்காரருக்குக்கூடப் பொய் சொல்லாத குடும்பத்தில் பிறந்த யோகேஸ்வரன், வீடு திரும்பியதும் கை கால் முகம் கழுவினார். பவளம் என்ன நடந்தது என்று கேட்டாள். எல்லாம் சரிவருகிறது என்றார். அது நாலாவது பொய்.

வாட்டில்பிறிட்ஜ் கைத்துப்பாக்கிக் கழகத்தின் சுடுகளம் ட்ருகனினாவில் இருந்தது. அப்போது ட்ருகனினா என்றால் கல்லும் முள்ளுச்செடியும் காற்றும். நடுவில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே மகாராணியின் படம், தேநீர்ப் பாத்திரம், தலைவர் கேணல் விட்ஃபீல்ட். கேணல் போர்க்காலத்தில் படையின் போர்வைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். ஒரு போர்வையைக்கூட எதிரி கைப்பற்ற அவர் விடவில்லை.

“கனவான்களே,” என்று அவர் முதல் சனிக்கிழமை உரை ஆற்றினார். புதிதாக வந்திருந்தவர் யோகேஸ்வரன் ஒருவர்தான். “கைத்துப்பாக்கி ஓர் ஆயுதம் அல்ல. அது ஒரு விளையாட்டு உபகரணம். டென்னிஸ் மட்டையைப் போல. டென்னிஸ் மட்டையை யாராவது தலையணைக்குக் கீழே வைத்துப் படுப்பார்களா?”

கொட்டகையில் இருந்தவர்கள் எல்லோரும் தங்கள் சப்பாத்துகளைப் பார்த்தார்கள்.

“இங்கே ‘ஆயுதம்’ என்ற சொல்லைச் சொல்கிறவர் அன்றைய தேநீர்க் கோப்பைகளைக் கழுவ வேண்டும்.”

“ஆயுதம் எண்டு சொல்லக் கூடாதோ?” என்று யோகேஸ்வரன் ஆங்கிலத்தில் தெளிவுபடுத்திக்கொள்ளக் கேட்டார். அன்று கோப்பைகளை அவர் கழுவினார். அடுத்த வாரம், போன வாரம் எதற்காகக் கோப்பை கழுவினேன் என்று ஒருவருக்கு விளக்கியதற்காகக் கழுவினார்.

சனிக்கிழமை நிகழ்ச்சிகள் காலையில் மகாராணிக்கு வாழ்த்துடன் தொடங்கும். பிறகு போன வாரத்து நடவடிக்கைகளை வாசிப்பார்கள். போன வாரத்து நடவடிக்கைகளில் பெரும்பகுதி அதற்கு முந்திய வாரத்து நடவடிக்கைகளை வாசித்ததாக இருக்கும். பிறகு முள்ளுச்செடி பிடுங்குதல். பிறகு பாதுகாப்பு விதிகள். பிறகு கோழி குலுக்கல். ஒவ்வொரு வாரமும் ஒரு உறைந்த கோழியைச் சீட்டுக் குலுக்கி ஒருவருக்குக் கொடுப்பார்கள். மரக்கறிச் சாப்பாட்டுக்காரரான யோகேஸ்வரனுக்கே அது அடிக்கடி விழுந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்து எதிர்வீட்டுக் கிழவரிடம் கொடுப்பார். எல்லாம் முடிந்து பொழுது சாயும் நேரத்தில் பத்துக் குண்டு சுட விடுவார்கள்.

பயிற்சிக்காலம் முழுவதும் ஒரு சனிக்கிழமையும் தவறக் கூடாது. தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இங்கே வாசகர்கள் ஒரு சின்னக் கணக்கைக் கவனிக்க வேண்டும். யோகேஸ்வரன் கவனிக்கவில்லை. கழகத்தில் சேரும் முன் பவளம் தனியாக இருந்தது வேலைநாட்களில் அந்த ஒன்றரை மணித்தியாலம் மட்டும். இப்போது அதனுடன் ஒரு முழுச் சனிக்கிழமையும் சேர்ந்துகொண்டது.

“கள்ளன் வந்ததும் ஒரு சனிக்கிழமைதான்,” என்றாள் பவளம், அவர் சப்பாத்துப் போடும்போது.

“கொஞ்ச நாளைக்குப் பொறும். உமக்காகத்தானே இவ்வளவும்.”

“உங்கட காவல் எப்ப தொடங்கும்?”

“பழகி முடியத் தொடங்கும். போட்டு வாறன்.”

ரயிலில் போகும்போது மனம் குத்தும். ஆனால் பொழுது சாயும் நேரத்தில், மூச்சைப் பிடித்து, கையை நீட்டி, தூரத்துக் காகிதத்தின் கறுப்பு வட்டத்தைப் பார்க்கும்போது உலகத்தில் வேறு எதுவும் இல்லை. முதலாளி இல்லை, பம்பு இல்லை, கொக்குவில் அண்ணை இல்லை. ஒரு நாள் நடுவட்டத்திலேயே துளை விழுந்தது. கேணல் கை குலுக்கினார். சார்ஜன்ட் ப்ளண்டெல் முதுகில் தட்டினார். குண்டு தவறிய நாட்களில் யோகேஸ்வரனுக்கு ஒன்றும் இருந்ததில்லை. நடுவில் பட்ட அன்றுதான் குற்றவுணர்வு வந்தது. தனக்கு இது பிடித்திருக்கிறது என்பதை அவர் பவளத்திடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, களைத்தவர்போலக் கதிரையில் சாய்ந்தார். பவளம் அவருடைய தோளுக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிட்டாள். அந்த எண்ணெய் குண்டைவிடக் கூடுதலாகச் சுட்டது.

பயிற்சிக்காலம் முடிந்ததும் துப்பாக்கி வாங்கக் கழகம் அனுமதித்தது. கடைக்கு யோகேஸ்வரனும் ஆலோசனை சொன்ன நண்பர்கள் இருவரும் போனார்கள். ராகுகாலம் கழியும்வரை வாசலில் நின்று, பிறகு உள்ளே நுழைந்தார்கள். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பச்சைத் துணியில் வைத்தார். மூவரும் கையைக் கட்டிக்கொண்டு, பெண் பார்க்க வந்த வீட்டில் இருப்பதுபோல் இருந்து பார்த்தார்கள்.

“இது கொஞ்சம் கட்டை,” என்றார் அரியரத்தினம். “அது பரவாயில்லை. ஆனா மூக்கு நீளம்.”

“இவரோட கைக்கு இது ரொம்ப கனம். மணிக்கட்டு போயிடும்,” என்றார் சேஷாத்ரி. “ஏன் சார், இதுல தேஞ்ச பார்ட் எல்லாம் மாத்தித் தருவீங்களா?” என்று கடைக்காரரிடம் ஆங்கிலத்தில் விசாரித்தார்.

யோகேஸ்வரனின் கண் ஆறு குண்டு போடும் ஒரு சுழல்துப்பாக்கியில் நின்றது. கள்ளன் அதைக் கண்டாலே ஓடுவான் என்று பட்டது. எடுத்துக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். கண்ணாடியில் இருந்தவரைப் பார்த்து அவருக்கே பயம் வந்தது. வைத்துவிட்டார். எப்படியும் அதற்குக் கழகம் சம்மதிக்காது. கழகத்தின் உபகரணத் தெரிவுக் குழு, புதியவர்களுக்கு ஒரேயொரு வகையைத்தான் சிபாரிசு செய்திருந்தது: நீண்ட குழல், மரக் கைப்பிடி, சின்னக் குண்டு, ஒரு தடவைக்கு ஒரு குண்டு. சுட்டபின் திறந்து அடுத்த குண்டை வைக்க வேண்டும்.

“உண்மையான விளையாட்டு வீரனுக்கு ஒன்றே போதும்,” என்றார் கடைக்காரர்.

“வந்தவங்கள் ரெண்டு பேரெண்டால்?” என்றாள் பவளம் அன்று மாலை.

“மற்றவன் கொஞ்சம் நிக்கவேணும்,” என்றார் யோகேஸ்வரன். பகிடிதான். அவள் சிரிக்கவில்லை.

அதோடு கழகத்தின் பாதுகாப்பு விதிகள் வந்தன. துப்பாக்கியை இரும்புப் பெட்டியில் பூட்டி, பெட்டியைச் சீமெந்துத் தரையில் இறுக்க வேண்டும். குண்டுகள் வேறு அறையில் வேறு பூட்டில். எல்லாப் பூட்டுகளின் திறப்புகளும் ஒரே வளையத்தில், ஒரே ஆளின் உடம்போடு இருக்க வேண்டும். கடைசியாக, குண்டின் பின்புறத்தைத் தட்டி அதை வெடிக்கச் செய்யும் சின்ன இரும்புத் துண்டு. அது இல்லாமல் துப்பாக்கி ஒரு பாரமான கரண்டி. வாட்டில்பிறிட்ஜ் உறுப்பினர்கள் எல்லோருடைய இரும்புத் துண்டுகளும் கேணல் விட்ஃபீல்டின் வீட்டில், கணப்படுப்புக்கு மேலே, பெயர் எழுதிய பிஸ்கட் டின்களில் இருந்தன. சனிக்கிழமை காலை கேணல் அவற்றைக் களத்துக்குக் கொண்டுவருவார். மாலையில் திருப்பி வாங்கிக்கொள்வார்.

ஆகவே யோகேஸ்வரனின் துப்பாக்கி சனிக்கிழமைகளில், ட்ருகனினாவில் மட்டும் துப்பாக்கியாக இருந்தது. கள்ளன் வசதி பார்த்து அங்கே வந்தால் ஒரு கை பார்க்கலாம்.

இதை அவர் பவளத்திடம் சொல்லவில்லை. அரியரத்தினம் சொன்னபடி, வீட்டில் இருக்கிறதென்றால் போதும். அதுவும் ஒரு விதத்தில் பலித்தது. யோகேஸ்வரன் வீட்டில் துப்பாக்கியும், தரையோடு இறுக்கிய இரும்புப் பெட்டியும் இருக்கின்றன என்ற செய்தி அந்தச் சின்ன பஸ் முழுவதும் பரவியது.

முதலில் அரியரத்தினம் ஒரு துணிப்பொட்டலத்தோடு வந்தார். “தம்பி, இது மனுசியின்ர அட்டியலும் காப்பும். வங்கிக்காரன் கையிலை குடுத்தா நித்திரை வராது. உம்மட பெட்டியிலை ஒரு மூலையிலை கிடக்கட்டும்.”

அடுத்த நாள் சேஷாத்ரி தன் மனைவி ராதாவின் ஒட்டியாணத்தை வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்தார். “துப்பாக்கி இருக்கற வீடு பாருங்கோ. ரிசர்வ் பேங்க் மாதிரி.”

பிறகு எங்களில் பலர் போனோம். இதை எழுதுகிறவன் வீட்டுச் சங்கிலியும் அங்கே இருந்தது. இல்லை என்று சொல்ல யோகேஸ்வரனால் முடியவில்லை. முதலாளியிடம் கேட்க முடியாத அதே கூச்சம். பெட்டி சிறியது. தங்கம் சேரச் சேர, துப்பாக்கிக்கு இடமில்லாமல் போனது. யோகேஸ்வரன் அதை உடுத்துப் பழசான ஒரு சரத்தில் சுற்றி, குசினியில் அரிசி வாளிக்குள் தாழ்த்தி வைத்தார்.

“முந்தி இந்த வீட்டுக்குக் கள்ளன் வந்தாக் குழம்பைத் திண்டு தண்ணி குடிச்சிட்டுப் போவான்,” என்றாள் பவளம். “இப்ப மெல்பேர்ன் தமிழ்ச் சனத்தின்ர தாலிக்கொடி எல்லாம் இஞ்சை. இப்ப வாறவன் சும்மா போவானோ? நான் ஒரு தனிச் சீவன் இதெல்லாத்துக்கும் காவல்.”

“துவக்கு இருக்கு.”

“ஓம். அரிசிக்குள்ளை.”

பங்குனி மாதத்தில் ஒரு ஞாயிறு, கேணலும் சார்ஜன்டும் உபகரணப் பாதுகாப்பைப் பரிசோதிக்க வந்தார்கள். யோகேஸ்வரன் திறப்பு வளையத்தை எடுத்துப் பெட்டியைத் திறந்தார். வேறு வழி இருக்கவில்லை. மஞ்சள் வெளிச்சம் கேணலின் மீசைவரை வந்தது.

“இது கைத்துப்பாக்கி அல்ல,” என்றார் கேணல், நன்றாக ஆராய்ந்தபின்.

“இல்லை,” என்றார் யோகேஸ்வரன்.

“களவு நகையா?” என்றார் சார்ஜன்ட். அவரது சின்னப் பேனா வெளியே வந்தது.

“நண்பர்களுடையது. பாதுகாப்புக்காகத் தந்திருக்கிறார்கள்.”

“அப்படியானால் துப்பாக்கி எங்கே?”

யோகேஸ்வரன் வாயைத் திறக்கும் முன் பவளம் குசினியிலிருந்து வந்தாள். வீட்டுக்கு வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பும் வழக்கம் அவளுக்கு இல்லை. தட்டில் தேத்தண்ணி, உளுந்து வடை, பக்கத்தில் துப்பாக்கி. குழலுக்குள்ளிருந்து நாலு சம்பா அரிசி தட்டில் உதிர்ந்தது.

கேணல் முதலில் வடையை எடுத்தார். அது முடிந்தபின்தான் அவருக்குக் கோபம் வந்தது.

விசாரணை அடுத்த சனிக்கிழமை, மகாராணியின் படத்துக்குக் கீழே நடந்தது. உறுப்பினர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கேணல் எழுந்தார்.

“பெட்டியில் இடமில்லாதது தவறு. அரிசி தவறு. ஆனால் அவற்றை மன்னிக்கலாம். திரு. யோகேஸ்வரன், கழகத்தின் கேள்வி ஒன்றுதான். நீங்கள் எதற்காகத் துப்பாக்கி வாங்கினீர்கள்? விளையாட்டுக்காக என்று சொல்லுங்கள். ஒரு கண்டனத்தோடு முடித்துக்கொள்வோம். கோழி குலுக்கலும் இருக்கிறது.”

சொல்லியிருக்கலாம். அது முற்றிலும் பொய்யும் அல்ல. அந்தக் கறுப்பு வட்டத்தை அவர் நேசிக்கத்தான் செய்தார். ஆனால் சித்திரை நெருங்கிவிட்டது. இரண்டு நாட்களுக்கு முன் பவளம் பயணப் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழேயிருந்து இழுத்துத் தூசி தட்டி வைத்திருந்தாள்.

“என் மனைவிக்குப் பயமாக இருந்தது,” என்றார் யோகேஸ்வரன். “வீட்டில் ஒரு ஆயுதம் இருந்தால் அவளுக்குப் பயம் போகும் என்று நினைத்தேன். இங்கே வந்து உங்களோடு இருந்தேன். அவள் தனியாக இருந்தாள். பயம் கூடிவிட்டது.”

கொட்டகையில் எல்லோரும் சப்பாத்துகளைப் பார்த்தார்கள்.

கேணலின் முகம் சிவந்தது. “பத்தொன்பது வருடமாக இந்தக் கழகத்தை நடத்துகிறேன். இப்படி ஒரு வார்த்தையை ஒருவரும் இங்கே உச்சரித்ததில்லை! பயமாம்! எங்களில் யாருக்குப் பயம் இருக்கிறது? என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். என் கட்டிலுக்குப் பக்கத்தில் முழுமையான துப்பாக்கி ஒன்று இருக்கிறது, இரும்புத் துண்டோடு. அது வெறும் பழக்கம். இரவில் மூன்று தடவை எழுந்து யன்னல்களைப் பார்க்கிறேன். அது உடற்பயிற்சி. சார்ஜன்ட் தன் துப்பாக்கியைத் கேக் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்—”

“ரொட்டிப் பெட்டிக்குள்,” என்று சார்ஜன்ட் திருத்தினார்.

“ரொட்டிப் பெட்டிக்குள். விளையாட்டுக்காக! அவர் மனைவி கேட்டபடியால் அல்ல. அப்படித்தானே?”

“அவள் ஒரு தடவைதான் கேட்டாள்,” என்றார் சார்ஜன்ட் மெதுவாக.

“நாங்கள் எல்லோரும் விளையாட்டு வீரர்கள். நடுவில் வந்து ஒருவர் உண்மையைச் சொன்னால் மற்றவர்கள் என்னாவது? அதை யோசித்தீர்களா?”

யோகேஸ்வரன் நீக்கப்பட்டார். கைகள் ஒருமனதாக உயர்ந்தன. சில கைகள் கொஞ்சம் தாமதமாக. உரிமமும் துப்பாக்கியும் சார்ஜன்டிடம் போயின. விதிப்படி திறப்பு வளையத்தையும் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அவருடைய வீட்டுத் திறப்பு, பெட்டித் திறப்பு, எல்லாம் அந்த ஒரே வளையத்தில்தான். விதி எழுதியவர்கள் வளையத்தைப் பிரிப்பதுபற்றி எதுவும் எழுதவில்லை. நகைக்காரர்கள் வந்து தங்கள் பொருளைப் பெற்றுக்கொள்ளும்போது திங்கட்கிழமை சார்ஜன்டே வந்து திறப்பார் என்று முடிவாயிற்று.

போகும் முன் யோகேஸ்வரன் கோப்பைகளைக் கழுவினார். தடைசெய்யப்பட்ட சொல்லைச் சொல்லியிருந்தார் அல்லவா. சார்ஜன்ட் ப்ளண்டெல் பக்கத்தில் வந்து நின்று, ஒவ்வொரு கோப்பையாக வாங்கித் துடைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம். சனிக்கிழமை மத்தியானத்தில் தன் வீடு எப்படி இருக்கும் என்பது யோகேஸ்வரனுக்கு மறந்துபோயிருந்தது. எல்லா யன்னல்களிலும் திரை இழுத்திருந்தது. திறப்பு இல்லாததால் பின்பக்கம் போய்க் கதவைத் தட்டினார்.

உள்ளே ஏதோ பாத்திரத்தின் சத்தம் நின்றது. பிறகு பவளத்தின் குரல் வந்தது. ஆங்கிலத்தில் வந்தது, தடித்த குரலில், பாடமாக்கிய ஒழுங்கில்:

“என் கணவர் வீட்டில் இருக்கிறார். அவரிடம் துப்பாக்கி இருக்கிறது.”

‘நான்தான்’ என்று சொல்ல யோகேஸ்வரன் வாயெடுத்தார். வரவில்லை. வீட்டுக்குள்ளே ஏற்கெனவே ஒரு கணவர் துப்பாக்கியோடு நின்றார். வெளியே நின்றவரிடம் அதைவிட நல்லதாகச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.

உள்ளே பாரமான ஒன்று தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. அறைக்குள் இருக்கும் பெரிய உடுப்பு அலுமாரி என்று அதன் முனகலிலிருந்து தெரிந்தது. அது வந்து கதவின் பின்னால் பொருந்தி நின்றது. அவர்கள் வீடு குடிவந்தபோது அதைத் தூக்க மூன்று ஆண்கள் தேவைப்பட்டார்கள். இப்போது அது தட்டாமல், தடக்காமல், வழி தெரிந்த ஒன்றைப்போல் வந்தது.

வந்தவன் போய்விட்டான் என்று அவளுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக யோகேஸ்வரன் காலைப் பலமாக ஊன்றிப் படலைவரை நடந்தார். படலையைச் சத்தமாகச் சாத்தினார். ரயில் நிலையத்துக்குப் போய் ஒரு மர வாங்கில் இருந்தார். ரயில்கள் வந்தன, போயின. வழக்கமாகத் தான் திரும்பும் ரயில் வந்ததும், அதிலிருந்து இறங்கியவர்களோடு சேர்ந்து நடந்து வீட்டுக்கு வந்தார். முன்கதவைத் தட்டினார்.

“பவளம், நான்.”

கதவு உடனே திறந்தது. பவளம் சீப்பால் தலை இழுத்து, பொட்டு வைத்து, ஒன்றும் நடவாதவள்போல் நின்றாள்.

“திறப்பெங்கை?” என்றாள். “இண்டைக்குச் சூடு நல்லாப் பட்டதோ?”

“என்னை நிப்பாட்டிப்போட்டாங்கள்.” அவர் சப்பாத்தைக் கழற்றாமலே நின்றார். “இனிச் சனிக்கிழமையிலை வீட்டிலைதான் நிப்பன். திங்கட்கிழமை முதலாளியிட்டையும் கேக்கிறன், முந்தி வர.”

பவளம் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னெண்டு கேப்பியள்?”

“வாயாலை.”

அவள் உள்ளே திரும்பி நடந்தாள்.

“அப்ப வாங்கோ, அந்த அலுமாரியின்ர மற்றப் பக்கத்தைப் பிடியுங்கோ. இழுக்கிறது லேசு. திருப்பி வைக்கத்தான் ஒவ்வொரு முறையும் இடுப்பு முறியுது.”